இழுக்காத வண்டியும் அளக்காத வைத்தியமும்

கார்புரேட்டரோடு ஓடும் பழைய பெட்ரோல் கார்கள் மேடேறும்போது திணறுவதும், ஆக்சிலேட்டரை மிதித்தால் உடனே வேகம் எடுக்காமல் திக்குவதும், சிக்னலில் நிற்கும்போது தானாக அணைந்துபோவதும் வயதின் விளைவுகள் என்றே பெரும்பாலோர் எடுத்துக்கொள்கின்றனர். பட்டறைக்குக் கொண்டுபோனால் முதலில் பிளக் மாறுகிறது, பிறகு காயில் மாறுகிறது, அதன்பின் கார்புரேட்டர் கழற்றிக் கழுவப்படுகிறது, எதற்கும் வண்டி அசையாதபோது ‘இன்ஜின் வேலை வந்துவிட்டது’ என்ற முடிவு சொல்லப்பட்டு முழு ஓவராயிலுக்கு முன்பணம் கேட்கப்படுகிறது. அரை நாள் சோதனையில் தெரியக்கூடிய ஒரு சிறு குறைக்காக இவ்வளவும் நடப்பது பணத்தை மட்டும் விழுங்குவதில்லை. நல்ல நிலையில் உள்ள இன்ஜினைத் தேவையின்றிப் பிரிப்பதால் அதன் ஆயுளையும் குறைக்கிறது.

காஞ்சிபுரம் மாநகரின் தெற்கே பாலாற்றை ஒட்டி அமைந்த ஓரிக்கை, பட்டுத்தறிகளும் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையும் காஞ்சி மகா பெரியவரின் மணிமண்டபமும் உள்ள பகுதியாகும். இத்தகைய ஊரில் வீட்டு வாசலில் நிற்கும் அம்பாசிடரோ, பிரீமியர் பத்மினியோ, பழைய மாருதி 800-ஓ அன்றாடம் நெடுஞ்சாலையில் ஓடுவதில்லை. முகூர்த்த நாளிலும் கோயிலுக்குப் போகும் நாளிலும் எடுக்கப்பட்டு, இடைப்பட்ட வாரங்களில் உறை போர்த்தி நிறுத்தப்படுகிறது. எடுத்தாலும் பெரிய காஞ்சிபுரம் வரை போய்த் திரும்பும் சில கிலோமீட்டர் ஓட்டம்தான். இன்ஜின் முழுச் சூட்டை அடையும் முன்பே அணைக்கப்படுவதால், சரியாக ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது; பிளக் முனையில் கரி படிகிறது; எரிதலில் உண்டாகும் நீராவி சைலென்சருக்குள் தண்ணீராகத் தங்கித் துருவை வளர்க்கிறது. அதிகம் ஓடாத வண்டி அதனாலேயே நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை இவ்விடத்தில் பொய்த்துப்போகிறது.

காஞ்சிபுரமும் அடங்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டம் கார்த் தொழிலோடு நெடுங்காலத் தொடர்பு உடையது. 1948-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் வண்டலூரில் கார் தயாரித்தது. அதன் ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961 முதல் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடியது. மாருதி 800-க்குக் கார்புரேட்டர் செய்த யூகால் நிறுவனம் மறைமலை நகரில் அமைந்தது. கார்புரேட்டரே இல்லாத சான்ட்ரோ 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்தது. டெல்கோ எனும் டிஸ்ட்ரிபியூட்டர், காயில், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றைப் பாடியிலுள்ள லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனமும், பிஸ்டன்களைச் செம்பியத்திலுள்ள இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனமும் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகின்றன. இத்தனை தொழிற்சாலைகளுக்கு நடுவே வாழும் ஒரு பகுதியில், பழைய இன்ஜினை அளவிட்டுச் சோதிக்கும் பழக்கம் மட்டும் பட்டறைகளிலிருந்து நழுவிப்போவது வருத்தத்துக்குரியது.

சோதனையைத் தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: வண்டி இழுக்கவில்லை என்பதும் இன்ஜின் இழுக்கவில்லை என்பதும் வேறு வேறு. பிரேக் ஷூ டிரம்மை விட்டு முழுதாக விலகாமல் பிடித்துக்கொண்டிருந்தாலும், கிளட்ச் வழுக்கினாலும், டயரில் காற்று குறைந்திருந்தாலும் ஓட்டுநருக்குத் தெரிவது ஒரே அறிகுறிதான். சமதளச் சாலையில் நியூட்ரலில் விட்ட வண்டி விரைவில் நின்றுவிட்டால், அல்லது சிறிது தூரம் ஓடியபின் ஒரு சக்கரத்தின் டிரம் மட்டும் கைவைக்க முடியாதபடி கொதித்தால், குறை பிரேக்கில் உள்ளது. இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்சில் உள்ளது. வேறு சில வண்டிகளில் குறை என்று கருதப்படுவது பிறவியிலேயே அமைந்ததாகவும் இருக்கும். 1980-களில் வெளிவந்த ஸ்டாண்டர்டு 2000, இங்கிலாந்தின் ரோவர் காரின் எடைமிக்க உடலில் பழைய வேன்கார்டு காரின் சுமார் 2000 சி.சி. இன்ஜினைச் சுமந்து வந்ததால், புதிதாக இருந்தபோதே போதிய வேகம் எடுக்கவில்லை. அதை எந்த மெக்கானிக்காலும் திருத்தியிருக்க முடியாது. அம்பாசிடரின் 1489 சி.சி. இன்ஜினும் சுமார் 50 குதிரைத்திறன் தருவதற்காகவே வடிவமைக்கப்பட்டது என்பதை நினைவில் கொண்டால், அதனிடம் எதிர்பார்க்க வேண்டிய அளவும் தெரியும்.

முதலில் கம்ப்ரஷன்

பெட்ரோல் இன்ஜின் ஓடுவதற்குக் காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் கலந்து வர வேண்டும், அக்கலவை சிலிண்டருக்குள் கசியாமல் அழுத்தப்பட வேண்டும், உரிய நொடியில் பொறி விழ வேண்டும், எரிந்த புகை தடையின்றி வெளியேற வேண்டும். இவற்றுள் அழுத்தம், அதாவது கம்ப்ரஷன், முதலில் அளக்கப்பட வேண்டும் என்பதற்குக் காரணம் எளியது: அது குறைந்திருந்தால் மற்ற மூன்றையும் எவ்வளவு சீராக்கினாலும் பயனில்லை, அது சரியாக இருந்தால் இன்ஜினைப் பிரிக்கும் பேச்சுக்கே இடமில்லை.

இதற்கான கம்ப்ரஷன் கேஜ் விலையுயர்ந்த கருவியன்று. இன்ஜினைச் சூடாக்கி, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, காயிலுக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி, ஒவ்வொரு பிளக் துளையிலும் கேஜைப் பொருத்தி ஸ்டார்ட்டரை ஐந்தாறு சுற்றுகள் சுழற்றினால், முள் ஓரிடத்தில் வந்து நிற்கும். தனித்தனி எண்களைவிட அவற்றுக்கு இடையிலான வேறுபாடே முக்கியம். நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டினால், அந்த அளவு சற்றுக் குறைவாக இருந்தாலும், இன்ஜின் சீராகத் தேய்ந்திருக்கிறது என்றே பொருள். மூன்று சிலிண்டர்கள் 120 பவுண்டும் ஒன்று மட்டும் 70 பவுண்டும் காட்டுவதாக வைத்துக்கொண்டால், குறைந்த சிலிண்டரின் துளை வழியே ஒரு கரண்டி இன்ஜின் ஆயிலை ஊற்றி மீண்டும் அளக்க வேண்டும். எண் சட்டென்று உயர்ந்தால், ஆயில் அடைத்த இடைவெளி பிஸ்டன் ரிங்கில் உள்ளது. ரிங்கோ சிலிண்டர் போரோ தேய்ந்திருக்கிறது. எண் அசையாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒருசேரக் குறைந்திருந்தால், அவற்றுக்கிடையே ஹெட் கேஸ்கட் வெடித்திருக்க வாய்ப்பு மிகுதி. கால் மணி நேரத்தில் முடியும் இச்சோதனை, ரீபோர் செய்வதா, ஹெட்டை மட்டும் இறக்குவதா, அல்லது எதையும் தொடாமல் விடுவதா என்ற பெரிய கேள்விக்கு விடை தந்துவிடுகிறது. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் அந்த இழையைத் தேடி முடிபோடுவாரே தவிரப் பாவையே அறுத்தெறிய மாட்டார். இன்ஜினுக்கும் அந்த நிதானம் உரியது.

வால்வில் குறை என்று தெரிந்தாலும் உடனே ஹெட்டை இறக்க வேண்டியதில்லை. ராக்கர் ஆர்முக்கும் வால்வுத் தண்டின் முனைக்கும் இடையே விடப்படும் சிறு இடைவெளியை டேப்பட் என்று பட்டறைகளில் குறிப்பிடுவர். அம்பாசிடரின் பெட்ரோல் இன்ஜினில் அது 0.015 அங்குலம். இந்த இடைவெளி மறைந்துவிட்டால் வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமராது, அழுத்தம் கசியும், கொதிக்கும் புகை அந்த நூலிழைச் சந்து வழியே பாய்ந்து வால்வின் விளிம்பை எரித்துவிடும். டேப்பட் சத்தம் கேட்கிறதே என்று உரிமையாளர் குறைப்பட, மெக்கானிக்கும் அதை இறுக்கி அமைதியாக்கித் தருவது கெடுதலுக்கே வழி. சத்தமிடும் டேப்பட்டால் விளையும் தீங்கு சிறிது. ஓசையின்றி இறுகிய டேப்பட்டோ வால்வைத் தின்றுவிடும்.

இக்குறை பழைய கார்களில் பெருகியதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. முற்காலப் பெட்ரோலில் கலக்கப்பட்ட ஈயம், இன்ஜின் தட்டுவதைத் தடுத்ததோடு, வால்வு இருக்கையின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து இரும்போடு இரும்பு உரசாமல் காத்தது. மனித உடலுக்கு, குறிப்பாகக் குழந்தைகளின் மூளைக்கு, ஈயம் விளைக்கும் தீங்கு கருதி, 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 4 பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமானது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. அது மிகச் சரியான முடிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வால்வு இருக்கை குடையப்பட்ட பழைய இன்ஜின்களில், தொடர்ந்து வேகமாக ஓட்டும்போது இருக்கை சிறுகச் சிறுகத் தேய்ந்து வால்வு உள்வாங்குகிறது. டேப்பட் இடைவெளி தானாகவே சுருங்குகிறது. எப்போதாவது ஹெட்டை இறக்க நேர்ந்தால், லேத்தில் கொடுத்து வெளியேற்றும் வால்வுகளுக்குக் கடினமான உலோக வளையம் பதித்துவிடுவது நிரந்தரத் தீர்வாகும்.

பழி கார்புரேட்டருக்கு, குறை டெல்கோவில்

கம்ப்ரஷன் சரியாக இருக்கிறது என்று தெரிந்தபின் அடுத்துப் பார்க்க வேண்டியது பொறி. நடைமுறையில் இங்கேதான் பெரும் குழப்பம் நேர்கிறது. பொறியில் உள்ள குறையைப் பெட்ரோல் குறையாகக் கருதி, நன்றாக இருந்த கார்புரேட்டரைக் கழற்றிக் கெடுத்துவிடுவது அடிக்கடி நிகழ்கிறது. கார்புரேட்டரில் கை வைக்குமுன் டெல்கோவை முழுதாகச் சரிபார்க்க வேண்டும் என்பதைப் பட்டறையில் மீறக்கூடாத விதியாகவே கொள்ளலாம்.

டெல்கோ என்று மெக்கானிக்குகள் அழைக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், காயிலில் உண்டாகும் உயர் அழுத்த மின்சாரத்தை, நான்கு சிலிண்டர் இன்ஜினில் 1, 3, 4, 2 என்ற வரிசையில் நான்கு பிளக்குகளுக்கும் பங்கிட்டுத் தருகிறது. அதன் மூடியைத் திறந்தால் தெரியும் பாயின்ட், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு பொறி பிறக்கிறது. பாயின்ட்டின் ஒரு முகத்தில் மேடும் மறு முகத்தில் பள்ளமும் விழுந்திருந்தால் கண்டென்சர் பழுதாகியிருக்கக்கூடும். அரத்தால் தேய்த்துவிட்டு மூடுவது சில நாள்களுக்கு மட்டுமே உதவும். இடைவெளியை ஃபீலர் கேஜ் எனும் மென்தகட்டால் அளந்து 0.014 முதல் 0.016 அங்குலத்துக்குள் வைக்க வேண்டும். கண்மதிப்பில் வைப்பது கூடாது, ஏனெனில் இந்த இடைவெளி மாறினால் டைமிங்கும் கூடவே மாறிவிடுகிறது.

டைமிங் என்பது பொறி விழும் நேரம். கலவை எரிந்து முடிக்கச் சிறிது நேரம் எடுத்துக்கொள்வதால், பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழ வேண்டும். இன்ஜின் வேகமாகச் சுழலச் சுழல இன்னும் முன்கூட்டியே விழ வேண்டும். இதற்காக டெல்கோவுக்குள் இரண்டு அமைப்புகள் உள்ளன. ஒன்று, சுழற்சி வேகத்தால் வெளிப்புறம் விரிந்து டைமிங்கை முன்தள்ளும் இரு சிறு எடைகளும் ஸ்பிரிங்குகளும்; மற்றொன்று, கார்புரேட்டரிலிருந்து மெல்லிய குழாய் வழியே வரும் வெற்றிட உறிஞ்சலால் இயங்கும் சவ்வு. எடைகள் துருவால் ஒட்டிக்கொண்டாலோ, சவ்வு கிழிந்தாலோ, இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், நின்ற நிலையில் ஒழுங்காகவே ஓடும், ஆனால் சாலையில் இழுக்காது, பெட்ரோல் குடிக்கும், ரேடியேட்டர் கொதிக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இது எளிதில் நேரக்கூடியது. ரோட்டரைக் கையால் அது சுழலும் திசையில் சற்றுத் திருப்பிவிட்டால் அது ஸ்பிரிங் விசையால் தானே திரும்ப வேண்டும். வெற்றிடக் குழாயை வாயால் உறிஞ்சினால் உள்ளிருக்கும் தகடு அசைய வேண்டும், உறிஞ்சலை நிறுத்தும்வரை அப்படியே நிற்கவும் வேண்டும். கருவி எதுவும் இல்லாமல் இரண்டு நிமிடத்தில் செய்யும் இச்சோதனையைச் செய்யாமலே எத்தனையோ இன்ஜின்களுக்கு ஓவராயில் எழுதப்பட்டிருக்கும். சில பட்டறைகளில் அக்குழாயையே பிடுங்கி, துளையைத் திருகாணியால் அடைத்துவிடும் வழக்கம் கண்டிக்கத்தக்கது.

பிளக் முனை ஒரு நல்ல சாட்சி. காப்பித்தூள் நிறத்தில் உலர்ந்திருந்தால் எரிதல் செம்மையாக நடக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் ஆயில் மேலேறுகிறது. சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் காற்று மிகுதியாகி இன்ஜின் சுட்டெரிகிறது.

பெட்ரோல் வரும் வழி

இதன்பிறகே கார்புரேட்டருக்கு வர வேண்டும். அதற்கும் முன்பாக டேங்கிலிருந்து அதுவரையுள்ள வழியைப் பார்க்க வேண்டும். டேங்கின் அடியில் துரு, அடைத்த ஃபில்டர், வெடித்த ரப்பர் குழாய், ஏ.சி. பம்பு என்று வழங்கும் இயந்திரப் பெட்ரோல் பம்பின் தளர்ந்த சவ்வு ஆகியவற்றுள் எதுவும் வேகமாக ஓட்டும்போது மட்டும் இன்ஜினைப் பட்டினி போடும். சித்திரை, வைகாசி வெயிலில் வண்டி சூடேறி நின்றுபோய், அரை மணி கழித்துத் தானே கிளம்பினால், குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிப் பம்பு வெறும் ஆவியை இழுக்கிறது என்று கொள்ளலாம். பம்பின்மேல் ஈரத்துணி சுற்றும் பழைய ஓட்டுநர்களின் உபாயம் அறிவியல்படி சரியானதே; எனினும் பெட்ரோல் குழாயைச் சைலென்சர் பக்கத்திலிருந்து விலக்கி அமைப்பதே நிலைத்த தீர்வு.

பெட்ரோலோடு எத்தனால் கலப்பது இவ்வழிக்குப் புதிய சிக்கல் ஒன்றைச் சேர்த்திருக்கிறது. நாட்டில் 10 விழுக்காட்டுக் கலப்பு 2022-இல் எட்டப்பட்டது; 2023 முதல் பெட்ரோல் பங்க்குகளில் வரத் தொடங்கிய 20 விழுக்காட்டுக் கலப்பு 2025-க்குள் பரவலானது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்றும், ஒரு கிலோ எத்தனால் எரியச் சுமார் 9 கிலோ காற்றும் தேவை. புதிய கார்களின் கணினி இந்த வேறுபாட்டை உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்கிறது. கார்புரேட்டரின் ஜெட் எனப்படும் அளவுத் துளையோ மாறாதது என்பதால், அதன் வழியே வரும் கலவையில் காற்று மிகுந்து, ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் வண்டி திக்குகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சுகிறது. நீர் ஓர் அளவைக் கடந்தால் எத்தனாலோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடுகிறது. பழைய ரப்பர்க் குழாய்களும் சவ்வுகளும் அதில் ஊறி உப்பிச் சிதைகின்றன. எத்தனாலற்ற பெட்ரோலுக்கென வடிவமைக்கப்பட்டு 10 விழுக்காட்டுக்குச் சீரமைக்கப்பட்ட கார்களில் 20 விழுக்காட்டுக் கலப்பால் மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடு குறையும் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே மதிப்பிட்டது. எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றுவதும், மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்குவதும், வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கை நிரப்பியே நிறுத்தி ஈரக்காற்று புகும் இடத்தைக் குறைப்பதும் செய்யத்தக்கவை.

மைலேஜ் கூட வேண்டும் என்று கேட்டு, கார்புரேட்டரில் பெட்ரோலைக் குறைத்து வைக்கச் சொல்லும் உரிமையாளர்கள் ஒன்றை அறிய வேண்டும்: காற்று மிகுந்த கலவை மெதுவாக எரிந்து, வெளியேற்றும் வால்வைச் சுட்டு, லிட்டருக்கு மிச்சமாகும் சில ரூபாய்க்குப் பதிலாக ஹெட் வேலைக்கான ஆயிரங்களைக் கேட்கும்.

ஊசிகளால் பெட்ரோல் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின்கள் வேறு முறையைக் கோருகின்றன. அவற்றில் காற்றழுத்தம், வெப்பநிலை, புகையிலுள்ள ஆக்சிஜன் ஆகியவற்றை உணரும் சென்சார்கள் தரும் செய்தியைக் கொண்டு கணினியே கலவையை முடிவு செய்வதால், ஸ்கேனரை மாட்டிக் குறியீட்டைப் படிப்பது தொடக்கம் மட்டுமே. ஆக்சிஜன் சென்சார் பழுது என்று குறியீடு காட்டினாலும், மெய்யான காரணம் சைலென்சர் இணைப்பில் உள்ள ஓர் ஓட்டையாக இருக்கலாம். அங்கே புகும் காற்று சென்சாரை ஏமாற்றுகிறது. கடிகாரம்போல் சீராக ஓடியும் மேல்வேகம் வராத வண்டியில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உருகி அடைத்திருக்கிறதா என்றும், மாருதி 800-இல் டைமிங் பெல்ட் ஒரு பல் நகர்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பது நன்று.

இவை எல்லாவற்றுக்கும் துணைசெய்யும் ஓர் ஆவணம் ஒவ்வொரு காரிலும் இருந்தும் எவரும் படிப்பதில்லை. அது புகைச் சோதனைச் சான்று. பாரத் ஸ்டேஜ் 2 விதிக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு, நின்ற நிலையில் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காட்டையும், எரியாத ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 1500 பங்கையும் தாண்டக்கூடாது என்பது விதி. கார்பன் மோனாக்சைடு உயர்ந்திருந்தால் பெட்ரோல் மிகுதியாகச் செல்கிறது; அது குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பொறி தவறுகிறது, அல்லது காற்று மிகுந்து கலவை பற்றாமல் போகிறது. 15 ஆண்டு கடந்த காருக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் செல்லும்போது காட்டுவதற்கு மட்டுமே அச்சான்று என்று எண்ணாமல், அதிலுள்ள இரு எண்களையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

பழைய கார் வைத்திருப்போர் ஓவராயிலுக்கு முன்பணம் கொடுக்குமுன், எல்லாச் சிலிண்டர்களின் கம்ப்ரஷன் எண்களையும், ஆயில் ஊற்றியபின் எடுத்த எண்களையும் எழுதித் தரும்படி கேட்டுப் பெற வேண்டும். அளந்து எழுதித் தர மறுக்கும் பட்டறையில் இன்ஜினைப் பிரிக்க ஒப்புக்கொள்ளக் கூடாது.